நம்ம ஆள் இடித்தால்

பந்தயம் பார்ப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. இவர்கள் வண்டியைத் தொடமாட்டார்கள். வளைவில் யார் யாருக்கு எத்தனை அங்குலம் விட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள். நீங்கள் கேட்கவே இல்லையே என்கிறீர்களா? கேட்டால்தான் சொல்வது என்று இருந்திருந்தால் இந்த இனம் எப்போதோ அழிந்துபோயிருக்கும்.

நம்மவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். வாடிக்கையாளரை நாற்காலியில் உட்காரவைத்து, "கீழ் வரிசையைப் படிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் முதல் எழுத்தைத் தேடுவதற்குள் சுவர் டி.வி.யில் ஓடும் கார் பந்தயத்துக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார். தனக்குப் பிடித்த ஓட்டுநர் அடுத்தவரை ஓரங்கட்டினால், "பாத்தீங்களா துணிச்சலை! இதுதாங்க பந்தயம்!" பிடிக்காதவர் அதையே செய்தால், "ரவுடிப்பய! இவன் லைசென்ஸைப் பிடுங்கணும்." துணிச்சலுக்கும் ரவுடித்தனத்துக்கும் நடுவில் எங்கே சார் கோடு போடுவது என்று அப்பாவியாகக் கேட்ட ஒருவர், அன்று தேவைக்கு மேல் ஒரு புள்ளி பவர் கூடிய கண்ணாடியோடு வீட்டுக்குப் போனதாகப் பேச்சு.

இப்படிப்பட்டவரை எங்கே உட்காரவைப்பார்கள்? நடுவர் நாற்காலியில்தான். ஊருக்கு வெளியே குட்டிப் பந்தய வண்டிகள் ஓடும் தடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மூன்று நடுவர்கள். ஒருவர் பல் டாக்டரம்மா, ஒருவர் டயர் கடைக்காரர், மூன்றாமவர் இவர். விதி எளிமையானது. வளைவுக்குள் நுழையுமுன் பின்னால் வருகிறவரின் முன்சக்கரம் முன்னவரின் இருக்கைக்கு நேராக வந்துவிட்டதா? வந்துவிட்டால் முன்னவர் இடம் விடவேண்டும். வராமல் உள்ளே மூக்கை நுழைத்து இடித்தால் குற்றம்.

போன மாதம் கடைசி வளைவில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் அப்படித்தான் மூக்கை நுழைத்தார். நம்மவர் அவரை நடுவர் அறைக்குள் கூப்பிட்டு, ஒரு ஜாண் அளவுக் குறைச்சலை அரைமணி நேரம் விளக்கி, அன்றைய போட்டியிலிருந்து நீக்கினார். "தம்பி, வேகம் வேற, வெறி வேற." மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார், தப்புதான்" என்று போய்விட்டார்.

இந்த மாதம் இறுதிப் பந்தயம். நம்மவரின் அக்கா மகளும் வண்டி ஓட்டுகிறாள். "இன்னைக்கு மட்டும் நீங்க விலகிக்கிறீங்களா?" என்று டாக்டரம்மா நாசூக்காகக் கேட்டார். "எதுக்கு? என்னளவு நடுநிலை வேற யாருக்கு வரும்?" என்று நம்மவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

கடைசிச் சுற்று, அதே வளைவு. முன்னால் மெக்கானிக், பின்னால் அக்கா மகள். அவள் உள்பக்கம் பாய்ந்தாள், டமார். மெக்கானிக்கின் வண்டி சுழன்று டயர்களை அடுக்கிய ஓரச் சுவரில் போய் மோதியது. அவள் கோட்டைத் தாண்டி முதலாவதாக வந்தாள். மெக்கானிக் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

டாக்டரம்மா, "குற்றம்" என்றார். டயர் கடைக்காரர், "பந்தயம்னா நாலு இடி இருக்கும்" என்றார். தீர்ப்பு நம்மவர் கைக்கு வந்தது. வளைவின் வீடியோப் பதிவைப் போடக்கூட அவர் சொல்லவில்லை. "துணிச்சலான முந்தல். விதிக்கு உட்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அப்போதுதான் அக்கா மகள் உள்ளே வந்தாள், பின்னாலேயே மெக்கானிக்கும். அவள் ஒரு கையில் கோப்பை, மறு கையில் ஹெல்மெட்.

"மாமா, நான்தான் இடிச்சேன். அங்க இடமே இல்ல."

"நீ சும்மா இரும்மா. உனக்கு என்ன தெரியும்?"

"ஓட்டினது நான்தானே?"

"ஓட்டுறவங்களுக்கு உள்ள இருந்து சரியாத் தெரியாது. வெளிய இருந்து பாக்கணும். இடம் இருந்துச்சு."

"இடம் இருந்திருந்தா அவர் கை ஏன் மாமா இப்படி வீங்கியிருக்கு? அந்தக் கையை வச்சுதான் அவர் வேலை பாக்கணும்."

"நீ ஜெயிக்கணும்னுதானே…"

"நான் ஜெயிக்கணும்னா நான் ஓட்டுறேன். நீங்க ஏன் ஓட்டுறீங்க?"

கோப்பையை மேசைமேல் வைத்தாள். முதலிடம் வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தாள். மெக்கானிக்கைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். மாமாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

எல்லாரும் போனபின் நம்மவர் பதிவைப் போட்டுப் பார்த்தார். ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாம் முறை, வளைவின் வாயில் படத்தை நிறுத்தினார். அவள் முன்சக்கரம் மெக்கானிக்கின் பின்சக்கரத்தைக்கூட எட்டவில்லை. ஒரு ஜாண் இல்லை, ஒரு முழம். வீங்கிய கையோடு நின்றவர் தன்னை நிமிர்ந்துகூடப் பார்க்காதது நினைவுக்கு வந்தது. அவர் திரையை அணைத்தார். இருட்டிய திரையில் தன் முகம் தெரிந்ததும் எழுந்து விளக்கையும் அணைத்தார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு நல்ல மனசு.

மெக்கானிக்கின் கைக்குக் கட்டுப்போட்டார்கள், மூன்று வாரம் வேலை இல்லை. அக்கா மகள் தினமும் போய்ப் பார்த்தாள். பதினைந்து நாள் மாமாவுக்குப் போன் செய்யவில்லை. அந்தப் பதினைந்து நாளும் கடையில் டி.வி. ஓடவில்லை. பதினாறாம் நாள் அவளே கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் நம்மவர் ஆரம்பித்தார்: "எங்க அக்கா பொண்ணு ஜெயிச்ச கோப்பையையே திருப்பிக் கொடுத்துட்டா, தெரியுமா? அந்த நேர்மை யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? கீழ் வரிசையைப் படிங்க."

இதைப் படிக்கும்போதே உங்களுக்கு யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார். மைத்துனரோ, மேலதிகாரியோ, எதிர்வீட்டுக்காரரோ. "அச்சு அசலா அந்த ஆளேதான்!" என்று சிரித்தும் இருப்பீர்கள். உங்கள் பெயர் மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, இல்லையா?

அவருக்கும் தோன்றவில்லை.