நான் மூடிய குழாய்

ஒரு உண்மையை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். திறந்த குழாயைப் பார்த்தால் என் மூளை நின்றுவிடும், கை மட்டும் வேலை செய்யும். தாராவியில் காலையில் கொஞ்ச நேரமே வரும் தண்ணீரை நம்பி வளர்ந்தவள் நான். (எங்கள் சந்தில் கல்யாண நாளை மறந்தவர்கள் உண்டு, தண்ணீர் பிடிக்க மறந்தவர்கள் கிடையாது.)

படிப்பு முடிந்ததும் செம்பூரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். அம்மாவோ முதல் நாளே தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

கடைசி வாரத்தில், எனக்கு மேலதிகாரியான, மாட்டுங்காவிலிருந்து வரும் விசாலம் மேடம், என் உயரத்துக்கு ஒரு கண்ணாடித் தூணை நிறுத்தினார். அடியில் மின் அடுப்பின் மேல் உருண்டைக் குடுவையில் ஆல்கஹாலும் தண்ணீரும் கொதிக்கும். இரண்டின் ஆவியும் சேர்ந்தே கிளம்பும். தூணுக்குள் நிறைத்திருக்கும் கண்ணாடி வளையங்களில் மோதி மோதி, தண்ணீர் குளிர்ந்து கீழே விழுந்துவிடும். ஆல்கஹால் உச்சிக்குப் போய்விடும். அங்கிருந்து, சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர் ஓடும் ஒரு குழலுக்குள் நுழைந்து, திரவமாகிக் குப்பியில் சொட்டும். உச்சியில் தெர்மாமீட்டர் எழுபத்தெட்டைத் தாண்டுகிறதா பார், எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு மேடம் மீட்டிங்குக்குப் போனார்.

பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் காது முழுக்க சிங்க்கில் இருந்தது. குழலைக் குளிர்வித்த தண்ணீர் ரப்பர் டியூப் வழியாக அங்கே கொட்டிக்கொண்டே இருந்தது. நல்ல, சுத்தமான தண்ணீர். கால் மணி, அரை மணி ஆயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. முதலில் அந்தத் தண்ணீர் வரும் குழாயைப் பாதி மூடினேன். தெர்மாமீட்டர் அசையவில்லை. அந்தத் தைரியத்தில் முழுக்க மூடிவிட்டேன்.

குப்பியில் சொட்டு நின்றது. ஆல்கஹால் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு!) குளிராத ஆவி அறையை நிரப்பிக்கொண்டிருக்கிறது என்பது தலை சுற்றியபோதுதான் புரிந்தது. அதற்குள் கதவு திறந்தது.

"சுவிட்சத் தொடாதே. வெளில வா" என்றார் மேடம். என்னை இழுத்துக்கொண்டு போய், வராந்தாவில் மெயினை அணைத்தார். கொஞ்ச நேரத்தில் மொத்தக் கட்டடமும் ரோட்டில் நின்றது. ஒரு பொறி போதும், அத்தனை பேரும் போயிருப்போம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஏன் மூடினாய் என்று மேடம் கேட்டார்.

"தண்ணி சும்மா போய்க்கிட்டு இருந்துச்சு மேடம்."

அவர் திட்டக்கூட இல்லை, வீட்டுக்குப் போகச் சொன்னார். வேலை போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, அம்புட்டு நேரமும் தண்ணி சும்மாவா ஓடிச்சு? அங்க புடிச்சு வைக்க ஒரு பால்டி கூடவா இல்ல?"

வேலை எப்படியோ பிழைத்தது. இருந்த தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும்படி ஒரு டிரம்மும் பம்பும் வாங்கி வைத்தார்கள். என்னை மட்டும் வெகுநாள் அந்த மேசைப் பக்கம் விடவில்லை. ஆனால் சொந்தக்காரர்களிடம் அம்மா இன்றுவரை சொல்லும் கதையில் ஆவியும் கிடையாது, ஆபத்தும் கிடையாது. படித்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க, அவள் மகள் ஒருத்திதான் எழுந்துபோய்க் குழாயை மூடினாளாம். அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரம் செய்தார்களாம்.