முத்தம்மாள் பெயரை அடித்துவிடக் கோரி மைத்துனருக்கு எழுதியது

பழவேற்காடு,
ஸ்ரீமுக வருஷம், மாசி மாதம் 12ஆம் நாள்.

நாகப்பட்டினம் கோட்டைக் கச்சேரியில், வருகிற காகிதங்களையெல்லாம் முதல் கையாக வாங்கிப் பிரிக்கும் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற மைத்துனர் கங்காதரன் அவர்களுக்கு, தங்கள் அக்காள் பவுனம்மாளைக் கைப்பிடித்த தசரதன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் அக்காளும் சுகம், எருமையும் கன்றும் சுகம், அவ்விடத்து சுகத்தைத் தோணி திரும்பும்போது எழுதி அனுப்பவும். தாங்கள் வயதில் எனக்கு இளையவர், உத்தியோகத்தில் பெரியவர். ஆகையால் "தாங்கள்" என்று தொடங்கியிருக்கிறேன். கோபம் ஏற ஏற "நீ" என்று வந்துவிட்டால் அக்காள் புருஷனின் உரிமை என்று எடுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். இந்தக் கடிதம் வருகிற அதே தோணியில் ஒரு கட்டு காகிதம் வருகிறது. பழவேற்காட்டு ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் பதினான்கு வருஷமாக எந்த நாள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்ற விவரம் அதில் முழுவதும் இருக்கிறது. எழுதியது நான். ஆனால் மேல்தாளில் இரண்டு பெயர்கள் இருக்கும். முதல் பெயர் முத்தம்மாள், முகத்துவாரக் குப்பத்தில் வலை பின்னுகிறவள். இரண்டாம் பெயர்தான் தசரதன். தாங்கள் கட்டைப் பிரிக்கும்போது கை தவறி அந்த முதல் பெயரின்மேல் கொஞ்சம் மை கொட்டிவிட்டால், தங்களை யார் கேட்கப் போகிறார்கள்? இந்த ஒரு உபகாரத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கே முன்பு இருந்த பெரிய துரையைத் தங்களுக்கு நினைவிருக்கும். ஒல்லாந்துக் கும்பினிக்குத் துணி வாங்கத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள், ஆனால் அவர் மனம் முழுவதும் ஏரியில் இருந்தது. எந்த மாதம் முகத்துவாரம் ஆழம், எந்த மழைக்கு மணல் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று தினமும் எழுதி வைத்தால் நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கும் உபயோகப்படும் என்பார். பன்னிரண்டு வெட்டுகள் போட்ட தேக்குக் கம்பம் ஒன்றைத் தண்ணீரில் நட்டார். தினமும் காலையில் நான் படகில் போய், எத்தனை வெட்டு முழுகியிருக்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். கம்பத்துக்குப் பக்கத்தில் வீடு என்பதால், அதில் யாரும் படகைக் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலை முத்தம்மாளுக்கு. கவனிக்கவும், அவளுக்குக் காவல் வேலை மட்டும்தான். பதினோரு வருஷம், பதினோரு புத்தகம், ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று ஒவ்வொரு புத்தகத்தின் கடைசித் தாளிலும் கையெழுத்துப் போட்டவன் நான்.

பிறகு தலைமைக் கச்சேரியை இங்கிருந்து நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனீர்கள். பெரிய துரையும் அதோடு போனார். அடுத்து வந்த துரை முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "கும்பினி இங்கே துணி வாங்க வந்ததா, தண்ணீர் அளக்க வந்ததா?" என்று கேட்டார். துணி வாங்க என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? கம்பத்தைப் பிடுங்கி விறகாக்கச் சொன்னார். பதினோரு புத்தகங்களையும் வெடிமருந்துக் கிடங்குக்கு அனுப்பி, தாளைக் கிழித்துத் தோட்டா சுருட்டச் சொன்னார். நான் எழுதிய ஆடிக் காற்றும் கார்த்திகை மழையும் மருந்தை வயிற்றில் அடைத்துக்கொண்டு துப்பாக்கிக்குள் போயின, மச்சான். கோட்டைச் சுவரில் சிப்பாய்கள் சுட்டுப் பழகும்போது ஒவ்வொரு சத்தத்துக்கும், இது எந்த மாதமோ என்று என் நெஞ்சு துடிக்கும்.

நான் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு புத்தகத்தையாவது காப்பாற்றுவோம் என்று, கட்டு கட்டி வைத்திருந்த நாளில், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒன்றை உருவி, வேட்டிக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். வாசல் காவல்காரன் என் வயிற்றைப் பார்த்து இது என்ன என்றான். அஜீரணம் என்றேன். பெரிய அஜீரணமாக இருக்கிறதே என்று தட்டிப் பார்த்தான். டொக் என்றது. முற்றிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். வீட்டில் வந்து அவிழ்த்துப் பார்த்தால், அதே தோல் அட்டைதான், அதே தடிமன்தான், ஆனால் உள்ளே இருந்தது துரையின் சமையற்காரன் எழுதி வைத்திருந்த பக்குவங்கள். பன்றித் தொடையை உப்பிட்டுப் புகை போடுவது எப்படி என்று முதல் தாள். உன் அக்காள் எட்டிப் பார்த்து, "இதுக்காவா உயிரைக் குடுத்துக் கொண்டாந்தீங்க?" என்றாள். அதற்கப்புறம் ஒரு மாதம் துரைக்கு வெறும் அவித்த சோறும் அவித்த மீனுமாகப் போனது. திருப்பி வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படி மூன்று வருஷம் போயிற்று. சென்ற கார்த்திகையில் அந்தத் துரையும் மாறி, இப்போதைய துரை வந்தார். வந்த கையோடு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு. முகத்துவாரம் தூர்ந்துகொண்டே வருகிறதாம், கப்பலிலிருந்து சரக்கு இறக்குகிற படகுகள் மணலில் தட்டுகின்றனவாம், பழவேற்காட்டில் அந்தக் காலத்தில் தண்ணீர் அளந்து எழுதிய புத்தகங்களை உடனே அனுப்ப வேண்டுமாம், இல்லாவிட்டால் துறையையே மூடுவதைப் பற்றி யோசிப்பார்களாம். துறையை மூடினால் இங்கே எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் என்று உனக்குத் தெரியாததில்லை. புத்தகங்கள் எங்கே என்று துரை என்னைக் கேட்டார். சுட்டுவிட்டோம் என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். நான் விவரமாகச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மச்சான், எனக்கு ஒரு அசட்டுத் தைரியம் வந்தது. கவலை வேண்டாம், எல்லாம் என் மனப்பாடம் என்று சொல்லிவிட்டேன். துரை கெட்டிக்காரர். நான்காம் வருஷம் ஆடி அமாவாசைக்கு எத்தனை வெட்டு என்றார். மூன்று என்றேன், பட்டென்று. குறித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அதே கேள்வியைக் கேட்டார். ஐந்து என்றேன், அதைவிடப் பட்டென்று. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "படகைக் கட்டு, இடத்தையாவது பார்க்கலாம்" என்றார்.

போனோம். தேக்குக் கம்பம் பிடுங்கிய அதே இடத்தில் ஒரு பனங்கம்பம் நிற்கிறது! அதே பன்னிரண்டு வெட்டுகள், அதே இடைவெளி. யார் நட்டது என்று துரை கேட்கச் சொன்னார். முத்தம்மாள் கையில் பாதி பின்னிய வலையோடு வந்தாள். பழைய கம்பத்தைப் பிடுங்குமுன் ஒரு கயிற்றை அதோடு வைத்து வெட்டுக்கு வெட்டு அடையாளம் போட்டு வைத்துக்கொண்டாளாம், அதைப் பார்த்துப் புதியதைச் செதுக்கினாளாம். எதற்கு என்று கேட்டதற்கு எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டாள். உள்ளே கூரை மூங்கிலிலிருந்து கயிறு கயிறாகத் தொங்குகிறது. குனிந்துதான் போக வேண்டியிருந்தது.

"இது இன்னா?" என்றேன்.

"தண்ணிக் கயிறு ஐயா. மாசத்துக்கு ஒண்ணு. நாளுக்கு ஒரு தொங்கல். எத்தினி வெட்டு முழுவுதோ அத்தினி முடிச்சு. மழை பேஞ்ச நாளுன்னா செவப்புத் துணி. அமாவாசைக்கு ஒரு கிளிஞ்சல்."

"உன்னை யாரு போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நீங்க எழுதறது எனக்குப் படிக்கத் தெரியாதே. எனக்குன்னு ஒண்ணு வேணாவா? எந்த நாளு யாரு வலை போடற முறைனு குப்பத்துல சண்டை வந்தா, இத்தப் பாத்துத்தான் தீத்து வெக்கறேன்."

"துரைதான் மூணு வருஷம் முன்னாடியே நிறுத்தச் சொல்லிட்டாரே."

"துரை நிறுத்தினாரு. தண்ணி நிறுத்தலியே ஐயா."

என்னிடம் பதினோரு வருஷம், அதுவும் புகையாகப் போனது. அவளிடம் பதினான்கு வருஷம், முழுசாக, கூரையில். துரை அந்தக் கயிறுகளுக்கு நடுவே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கோவிலுக்குள் நிற்கிற மாதிரி நின்றார், மச்சான். பதினோரு புத்தகம் எழுதியவன் பக்கத்தில் நிற்கிறேன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவளைப் பார்த்து நீளமாகப் பேசினார். எனக்குத்தானே ஒல்லாந்து பாஷை தெரியும், நான்தானே தமிழில் சொல்ல வேண்டும்? இப்படிப்பட்ட பொறுமையை நான் எந்தப் பண்டிதரிடமும் கண்டதில்லை, இந்தக் குப்பம் இருப்பது கும்பினியின் அதிர்ஷ்டம், என்று என்னென்னவோ சொன்னார். நான் அவளிடம், "நல்லா இருக்காம்" என்றேன்.

"அவ்ளோ நேரம் பேசினாரே, இவ்ளோதானா?" என்றாள்.

"அவுங்க பாஷை அப்படித்தான், கொஞ்சம் நீளம்" என்றேன்.

மறுநாளிலிருந்து இருபத்தாறு நாள், அவள் கூடையில் கயிறுகளோடு கோட்டைக்கு வந்து, முடிச்சை விரலால் தடவித் தடவிச் சொல்ல, நான் எழுதினேன். கோட்டையில் இத்தனை வருஷம் நான் நின்றுகொண்டே எழுதியிருக்கிறேன், தெரியுமல்லவா? அவளுக்கு முதல் நாளே நாற்காலி போட்டார்கள். அவள் கீழேதான் உட்காருவேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரி, காலியாகத்தானே இருக்கிறது என்று நான் உட்காரப் போனேன். அது அந்த அம்மாளுக்கு என்று துரை சொல்லிவிட்டார். இருபத்தாறு நாளும் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதினேன்.

வீட்டுக்கு வந்தாலும் நிம்மதியில்லை. வயிற்றெரிச்சலை யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்று உன் அக்காளிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மூணு வேளையும் முத்தம்மா முத்தம்மானுக்கினு இருக்கீங்களே, இன்னா சங்கதி?" என்றாள். அவள்மேல் எனக்குப் பொறாமை, வேறொன்றும் இல்லை என்று சத்தியம் செய்தேன். "வலை பின்றவ மேல உங்களுக்கு இன்னா பொறாமை? எனக்குக் காது குத்தாதீங்க" என்று நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் தானே படகேறிப் போய் முத்தம்மாளைப் பார்த்துவிட்டு, ஒரு கூடை நண்டோடு திரும்பி வந்தாள். இப்போது அவளும் முத்தம்மா கட்சி. "எவ்ளோ நல்ல மாதிரியா பேசறா தெரியுமா" என்கிறாள். வீட்டிலும் எனக்கு ஆளில்லை.

கடைசியில் மேல்தாள் எழுதும்போது துரை பெயர்களைச் சொன்னார். அவள் பெயர் முதலில். என் கையாலேயே எழுதினேன், மச்சான். பின்னால் வருகிறவன் இந்தத் தாளைப் படித்தால் என்ன நினைப்பான்? ஏரியை அளந்தவள் முத்தம்மாள், பக்கத்தில் பேனா பிடித்தவன் எவனோ ஒருவன் என்றுதானே? ஆகையால் மை விஷயத்தைத் தயவுசெய்து கவனிக்கவும். நிறைய வேண்டாம், ஒரு சொட்டுப் போதும், அவள் பெயர் சின்னதுதான்.

தங்கள் குடும்பத்தார் எல்லோருக்கும் என் ஆசியும், தங்கள் அக்காளின் அன்பும். குழந்தைகள் கடற்காற்றில் அதிகம் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும். தாங்கள் மேலும் மேலும் உயர்ந்து, கீழே இருக்கிற அக்காள் புருஷனை மறவாமல் இருக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டும்,

தசரதன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது நேற்று. தோணி காற்றுக்காக நின்றுவிட்டது. இன்று காலை வெடிமருந்துக் கிடங்குக்காரன் என் புத்தகங்களில் ஒன்றை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தான். தராசு ஆடாமல் இருக்க அடியில் வைத்திருந்தார்களாம். ஆறாம் வருஷத்துப் புத்தகம். துரை சந்தோஷமாக அதையும் கயிற்றையும் ஒப்பிட ஆரம்பித்தார். முத்தம்மாளும் இருந்தாள். புரட்டாசி சரி, ஐப்பசி சரி. கார்த்திகையில் பத்தொன்பது நாளுக்கு என் புத்தகத்தில் நான்கு, நான்கு, நான்கு என்று ஒரே மையில் இருக்கிறது. அவள் கயிற்றில் நான்கிலிருந்து பதினொன்று வரை ஏறி இறங்குகிறது. முகத்துவாரம் உடைத்துக்கொண்டு இடம் மாறியது அந்த மாதம்தானாம். மேலிடத்தில் முக்கியமாகக் கேட்பதே அதைத்தானாம். எது சரி என்று துரை கேட்டார்.

நான் தமிழில் சொல்லுமுன்பே அவள் புரிந்துகொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "கயித்த எலி கடிச்சிட்ச்சு, நான் பாக்காம திருப்பிக் கட்டினேன். ஐயா எழுதினதுதான் சரினு சொல்லுங்க" என்றாள். எலி அந்தக் கயிற்றைத் தொட்டதே இல்லை, மச்சான்.

துரைக்கு நான் இப்படிச் சொன்னேன்: "அவள் முடிச்சுதான் சரி. அந்தப் பத்தொன்பது நாளும் மழைக்குப் பயந்து நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை." துரை, அதை அப்படியே ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். போட்டேன். அந்தத் தாளும் அதே கட்டோடு வருகிறது.

ஆகையால் அவள் பெயரில் மை படக்கூடாது. ஈரக்கையோடுகூடத் தொட வேண்டாம்.

அவளுக்கு ஒல்லாந்து பாஷை தெரியாது. தன் பொய்யால் நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு படகேறிப் போனாள். உண்மையைச் சொன்ன நான் இங்கே அவமானத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், ஒருவனைக் காப்பாற்றிய சந்தோஷமும் அவளுக்கே போயிருக்கிறது. நினைத்தால் வயிறு எரிகிறது.