நான்காம் மாடியில் குளிர்காலம்

பருவத்துக்கு ஏற்றதை உண்பவரே நலமாக வாழ்வார் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. சிங்கப்பூரில் பருவம் என்று ஒன்று இல்லை என்பது ஒரு சிறு நிர்வாகச் சிக்கல், அவ்வளவுதான். சிக்கல்களைத் தீர்ப்பதற்குத்தானே நிர்வாகம் இருக்கிறது!

சாங்கியில் விமானச் சரக்குகளைக் கையாளும் ஒரு நிறுவனத்தின் ஊழியர் கேன்டீனில் சூசைநாதன் இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பத்தொன்பது வருடமாக அவரும் மனைவி ரோசம்மாவும்தான் அதை நடத்தினார்கள். விடியுமுன் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து கிளம்பி, தேக்கா சந்தையில் அன்றைக்கு எது புதிதாக வந்திருக்கிறதோ அதை வாங்கிவந்து சமைப்பார்கள். சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மீன் குழம்பு. மாங்காய் நன்றாக இருந்தால் குழம்பில் இரண்டு துண்டு விழும். இப்படிச் சமைப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதோ, அந்தப் பெயருக்கு ஒரு துறை உண்டு என்பதோ சூசைநாதனுக்குத் தெரியாது.

பெயர்: இயற்கை வழிப் பருவகால உணவு. துறை: அதே நிறுவனத்தின் நலவாழ்வுத் துறை. அதன் துணை இயக்குநர் நிவேதிதா, ஏதோ ஒரு மலைநாட்டில் ஐந்து நாள் புத்துணர்ச்சி முகாமுக்குப் போய்வந்த கையோடு சூசைநாதனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“மிஸ்டர் சூசை, அங்க அஞ்சு நாளும் பூசணிக்காய் மட்டும்தான் கொடுத்தாங்க. காலையில பூசணி, லஞ்சுக்குப் பூசணி, டின்னருக்குப் பூசணி சூப். ஏன் தெரியுமா?”

“வேற காய் கிடைக்கலையா மேடம்?”

“அது பூசணி சீசன்! உடம்பு எவ்ளோ லேசாயிடுச்சு தெரியுமா?”

“அஞ்சு நாள் வேற எதுவும் திங்கலைன்னா லேசாத்தான் இருக்கும் மேடம்.”

நிவேதிதா இதை ஆமோதிப்பாகவே எடுத்துக்கொண்டார். “கரெக்ட். இனிமே உங்க கடையிலயும் சீசனல் மெனு மட்டும்தான்.”

“நம்ம ஊர்ல ஏது மேடம் சீசன்? வெயில் அடிக்கும், மழை பெய்யும். சில நாள் ரெண்டும் சேர்ந்து வரும்.”

“அதைக் கண்டுபிடிக்கத்தான் உபகுழு போட்டிருக்கோம்.”

பருவம் கண்டறியும் உபகுழு ஆறு வாரம் கூடியது. கட்டடப் பராமரிப்பு அதிகாரி ஆரிஃப் அதன் செயலாளர். முதலில் டுரியான் பழப் பருவம் பரிசீலிக்கப்பட்டது. அதன் கடும் வாடை காரணமாகக் கட்டடத்துக்குள் டுரியான் கொண்டுவரத் தடை இருப்பதால், அந்தப் பருவம் உள்ளே நுழைய இயலாது என்று தீர்மானமானது. அடுத்து வடகிழக்குப் பருவமழை. அது கண்ணாடிக்கு வெளியே பெய்வதால் அலுவலக நடைமுறைக்கு உட்படாது என்றார்கள். பள்ளி விடுமுறை, புகைமூட்டம், கடைத்தொகுதிகளின் தள்ளுபடி விற்பனை எல்லாம் வரிசையாக வந்து நிராகரிக்கப்பட்டன.

ஆறாவது வாரம் எல்லோரும் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, வேறொரு கூட்டத்துக்காக ஆரிஃப் வைத்திருந்த குளிர்சாதனக் கோளாறு அறிக்கை மேசைமேல் கிடந்தது. நிவேதிதா அதைச் சும்மா புரட்டினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான்காம் மாடியில் பதினேழு டிகிரி. குமாஸ்தாக்கள் கம்பளிச் சட்டையோடு தட்டச்சு செய்கிறார்கள். மூன்றாம் மாடியில் கூரைக் குழாய் ஒழுகி எட்டு வாளி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் மாடியில் காற்று வரும், நிற்கும், மறுபடி வரும். தரைத்தளத்தில், பெட்டி ஏற்றி இறக்கும் லோடிங் பேயில், குளிர்சாதனமே கிடையாது. முப்பத்தைந்து டிகிரி.

குளிர்காலம், மழைக்காலம், இளவேனில், கோடை. சிங்கப்பூரில் நான்கு பருவங்களும் உள்ளன. அவை ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன என்று உபகுழு அறிக்கை கூறியது. கேன்டீனில் மின்விசிறி மட்டும் சுற்றுவதால் அது பருவமற்ற நடுநிலைப் பகுதி.

“அப்ப மூணாம் மாடி ஒழுக்கை ரிப்பேர் பண்ண ஆளைக் கூப்பிடவா மேடம்?” என்று கேட்டார் ஆரிஃப்.

“ஆரிஃப், அது மழைக்காலம். இயற்கையில நாம தலையிடக் கூடாது.”

ஊழியர்கள் அனைவருக்கும் பருவ அட்டை வழங்கப்பட்டது. கழுத்துப் பட்டி குளிர்காலத்துக்கு நீலம், கோடைக்கு ஆரஞ்சு, மற்ற இரண்டுக்கும் பச்சையில் இரு வகை. நீலப் பட்டிக்கு மிளகு ரசம், சுக்குக் கஷாயம், பூசணிக்காய். குளிர்காலக் காய் குளிர்கால நாட்டில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்பதால், பூசணி பதினோரு மணி நேரம் விமானத்தில் பறந்து வந்தது. ஆரஞ்சுப் பட்டிக்கு வெள்ளரிக்காய், மோர், கஞ்சி. மீன் எந்த மாடியின் அட்டவணையிலும் இல்லாததால் மீன் குழம்பு நிறுத்தப்பட்டது. பட்டி மாற்றிப் பரிமாறினால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை இறுதி எச்சரிக்கை, மூன்றாம் தடவை கடை வேறொருவருக்கு.

சூசைநாதன் விதிமுறைத் தாளை நாலு தடவை படித்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் ஒருத்தர் கழுத்தையும் பார்த்துச் சோறு போட்டதில்லை. முகத்தைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஆரிஃப் வந்து கடை முகப்பில் நான்கு மொழியில் பலகை மாட்டினார். ரோசம்மா கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

“என்னங்க, இதைப் பாருங்க. ‘இங்கு காலமான உணவு மட்டுமே பரிமாறப்படும்.’ சோத்துக்குப் பூசை வைக்க ஃபாதரைக் கூப்பிடணும் போல இருக்கே!”

சூசைநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அடுத்த வரி: ‘காலமான உணவை உண்டு காலமெல்லாம் வாழ்வோம்.’

“தம்பி, இது தப்பு. காலமான உணவுன்னா செத்துப்போன சாப்பாடு.”

“நான் ஸ்கூல்ல மலாய் படிச்சேன் அங்கிள். தமிழ் பேசத்தான் வரும்” என்றார் ஆரிஃப். “கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துச்சு. மேடம் செக் பண்ணாங்க. அவங்க ஸ்கூல்ல தமிழ்ல ஏ-ஒன் வாங்கினவங்க லா.”

“மாத்த முடியாதா?”

“முடியும். ஆனா பலகையை அடுத்த பருவம் வந்தப்புறம்தான் மாத்தணும்னு விதி.”

“பருவந்தான் மாடியில உட்கார்ந்திருக்கே தம்பி. அடுத்தது எப்ப வரும்?”

ஆரிஃப் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “அதை உபகுழுவுலதான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

பதினொன்றரைக்கு லோடிங் பே ஆட்கள் வந்தார்கள். முதலில் நின்றவர் முத்துசாமி. எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூரில் வீடு. தினம் இருட்டோடு எழுந்து, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்று, ரயில் பிடித்து வருகிறவர். சூசைநாதன் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டில் வெள்ளரிக்காயை வைத்து, பக்கத்தில் மோர் டம்ளரை வைத்தார்.

“அண்ணே, என்ன இது?”

“நீ கோடைப்பா.”

“கோடையா? காலையிலேர்ந்து நாப்பது பெட்டி தூக்கினேன். அத்தனையும் பூசணிக்காய். தூக்கின எனக்கு வெள்ளரிக்காயா?”

“பூசணி நாலாம் மாடிக்குப்பா. அவங்க குளிர்காலம்.”

“நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குச் சுடச்சுட ரசம், பெட்டி தூக்குறவனுக்கு மோரா? ஒரு கரண்டி ரசமாவது ஊத்துங்கண்ணே.”

சூசைநாதனின் கை கரண்டிக்குப் போனது. தூண் பக்கத்தில் நின்றுகொண்டு நலவாழ்வுத் துறை ஆள் ஒருவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கை திரும்பி வந்தது.

ஆனால் முத்துசாமி விதிமுறையை வாங்கி முழுக்கப் படிக்கிற வகை. ஒரு ஊழியரின் பருவம் அவர் இருக்கும் மாடியைப் பொறுத்தது என்று மூன்றாம் பத்தியில் போட்டிருந்தது. மறுநாள் பதினொன்றே காலுக்கு அவர் மின்தூக்கியில் நான்காம் மாடிக்குப் போனார். பத்து நிமிடம் நடுங்கிக்கொண்டே நின்றார். ஆரிஃபைக் கூப்பிட்டுத் தன்னைப் பார்க்கச் சொன்னார்.

“பாருங்க, கையெல்லாம் சில்லுனு இருக்கு. நான் இப்ப என்ன பருவம்?”

ஆரிஃபால் மறுக்க முடியவில்லை. ஒரு தாளில் ‘பருவமாற்றம் உறுதி செய்யப்படுகிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். முத்துசாமி அதைக் கடையில் நீட்டினார். சூசைநாதன் படித்துப் பார்த்து, பத்தொன்பது வருடத்தில் யாருக்கும் ஊற்றாத அளவுக்கு ரசம் ஊற்றினார்.

வெள்ளிக்கிழமைக்குள் லோடிங் பே முழுவதும் பதினொரு மணிக்கே நான்காம் மாடியில் நின்றது. எழுபது பேர் சும்மா நின்றாலும் மூச்சுவிடத்தானே செய்வார்கள்? பதினேழு டிகிரி இருபத்திரண்டானது, இருபத்தாறானது. அடுத்த புதன்கிழமை மதியம் குளிர்சாதனம் ஒரு முனகலோடு நின்றே போனது. முப்பத்தொரு டிகிரி. கம்பளிச் சட்டைகள் கழன்றன.

“ரிப்பேர்காரங்களைக் கூப்பிடட்டுமா மேடம்?” என்று கேட்டார் ஆரிஃப்.

நிவேதிதாவின் அறையும் நான்காம் மாடியில்தான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கொள்கையில் உறுதியானவர். “கூடாது. நாலாம் மாடியில கோடை பிறந்திருக்கு.”

அன்று ஒரு மணிக்கு அவரே நீலப் பட்டியோடு கடைக்கு வந்து மிளகு ரசம் கேட்டார்.

“மன்னிக்கணும் மேடம்” என்றார் சூசைநாதன். “நீங்க இன்னைக்குக் கோடை.” வெள்ளரிக்காயை எடுத்து வைத்தார்.

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. நிவேதிதா தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “வெரி குட், மிஸ்டர் சூசை” என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு, உட்கார்ந்து முழுவதையும் தின்றார். மறுநாளும் தின்றார். அதற்கு மறுநாளும்.

நான்காவது நாள் மூன்று மணிக்கு, கேன்டீன் காலியானபின், பின்கதவு மெல்லத் தட்டப்பட்டது. உள்ளே சூசைநாதனும் ரோசம்மாவும் தங்களுக்கென்று வைத்த மீன் குழம்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

“இது என்ன வாசனை?” என்றார் வாசலில் நின்ற நிவேதிதா.

சூசைநாதன் எழுந்து நின்றார். கடை போயிற்று என்றே நினைத்தார். “எங்க சாப்பாடு மேடம். கேன்டீன் பருவமற்ற பகுதின்னு நீங்கதான்...”

“எனக்கும் கொஞ்சம் வைங்க. ஆய்வுக்கு.”

ரோசம்மா இன்னொரு தட்டு எடுத்தார். ஆய்வு இரண்டு தட்டு வரை போனது. துண்டு மீனை முள் பார்த்துத் தின்றுகொண்டே நிவேதிதா ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவர் துணை இயக்குநர் மாதிரித் தெரியவில்லை, பசித்தவர் மாதிரித்தான் தெரிந்தார்.

அவராகத் திட்டத்தை நிறுத்தியிருப்பாரா என்பது தெரியாது. அதற்கு அவசியம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, மின்சாரச் சிக்கனம் கருதி எல்லா மாடிகளையும் இருபத்தைந்து டிகிரியில் வைக்கும்படி தலைமையகம் உத்தரவு போட்டது. பழுதுகள் சரிசெய்யப்பட்டன. லோடிங் பேயில் கூடப் பெரிய விசிறி மாட்டினார்கள். ஒரே நாளில் நான்கு பருவங்களும் காலமாகின. பருவ அட்டைகள் திரும்பப் பெறப்பட்டன.

சூசைநாதன் மறுநாள் தேக்காவில் நல்ல மாங்காயாகப் பார்த்து வாங்கினார். பெரிய சட்டி நிறைய மீன் குழம்பு வைத்தார். பதினொன்றரைக்குக் கரண்டியோடு நின்றார். இந்தத் தடவை முகங்களைப் பார்த்தார்.

“அண்ணே” என்றார் முத்துசாமி. “வெள்ளரிக்காய் இல்லையா?”

“என்னப்பா? மீன் குழம்பு வச்சிருக்கேன்.”

“மீன் குழம்பு நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்கு உடம்பு கோடை உடம்பாப் பழகிடுச்சு. முட்டிவலி கூட இப்ப இல்லை. பேசாம மோரை ஊத்துங்க.”

பின்னால் நின்ற நான்காம் மாடிக் குமாஸ்தா பூசணி கேட்டார். தேக்காப் பூசணி வேண்டாம், பறந்து வந்த பூசணிதான் வேண்டும், அதுதான் இயற்கையானது என்றார். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் தமக்கு இளவேனில் இல்லாமல் தூக்கமே வருவதில்லை என்றார். குழம்பு ஆறிப்போய் ஆடை கட்டியது.

மாலைக்குள் மனு ஒன்று மேசை மேசையாக வந்தது. ‘எங்கள் பருவங்களை எங்களுக்கே திருப்பித் தருக.’ நானூறு கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே பருவம்.

“பைத்தியக்காரக் கூட்டம்!” என்று சூசைநாதன் மனுவைத் தள்ளினார். “ரோசம்மா, பார்த்தியா இவங்களை?”

“பார்த்தேன். நீங்க ஏன் ஒரு மாசமா வீட்டுல சோத்துல மோரை மட்டும் ஊத்திக்கிறீங்க?”

“அது வேற. நான் நாள் பூரா அடுப்புப் பக்கத்துல நிக்கிறவன். என் உடம்புக்கு...” நிறுத்தினார். பிறகு மனுவை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, எதிரே ‘கோடை’ என்று எழுதினார்.

ரோசம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். “எனக்கு மழைக்காலம்னு போடுங்க. காலையிலேர்ந்து பாத்திரம் கழுவுற தண்ணியிலதானே நிக்கிறேன்.”

எழுதினார். எழுதியதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்தச் சந்தேகம் வந்தது. கோடையும் மழைக்காலமும் ஒரே வீட்டில் குடியிருந்தால், அன்றைக்கு வீட்டுக்குப் போய் எதைச் சமைப்பது?

“மேடத்தைக் கேட்டுட்டு வந்துடறேன்” என்று சூசைநாதன் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் நான்காம் மாடிக்குப் போனார். நிவேதிதாவின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் ஏற்கெனவே பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், பாதிப் பேர் குடும்பத்தோடு.