கழுவிய குப்பை

ஆற்றங்கரை முழுக்கத் தேடியும் ஒரு குப்பை கிடைக்கவில்லை.

கொதோனே இடுக்கியும் கையுமாக நின்றாள். பாலத்துக்கு அடியில் பார்த்தாயிற்று. செர்ரி மரங்களுக்குக் கீழே பார்த்தாயிற்று. பின்னால் வந்த கீழ்வகுப்பு மாணவன் ரியோஹெய் திடீரென்று கத்தினான்.

"அக்கா! ஒரு காகிதம்!"

ஓடிப்போய் எடுத்துப் பார்த்தாள். கடை ரசீது.

"சால்மன் சோற்றுருண்டை ஒண்ணு, இன்னைக்குத் தேதி. டேய், இது காலையில நீ தின்னதுதானே?"

ரியோஹெய் தன் பாக்கெட்டைத் தடவினான். ஓட்டை.

மறுநாள் சனிக்கிழமை. அவர்களுடைய உயர்நிலைப் பள்ளியின் சேவை மன்றம் கரையைச் சுத்தம் செய்வதைப் பார்க்கத் தொண்டு அலுவலகத்திலிருந்து ஹிராயாமா என்ற அம்மா வருகிறார். அவர் நல்லபடியாகச் சொன்னால் மன்றம் பிழைக்கும். இல்லாவிட்டால் மூடிவிடுவதாகத் துணைத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மன்றத்தில் கொதோனே, ரியோஹெய், முதலாமாண்டுப் பெண்கள் இருவர் என்று மொத்தம் நாலு பேர். அவர்கள் அறையில் வாத்தியக் குழு இப்போதே ஒரு பெரிய முரசைக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

கொதோனே வாலிபால் குழுவில் இருந்து பார்த்தவள். பாட்டுக் குழுவிலும் இருந்து பார்த்தவள். இரண்டு இடத்திலும் மிகவும் மரியாதையாக வெளியே அனுப்பினார்கள். அவளைத் தலைவி என்று கூப்பிட உலகத்தில் அந்த ஓர் அறைதான் இருந்தது.

"நாளைக்குக் காலையில ஆளுக்கொரு பை குப்பை வீட்டுல இருந்து கொண்டு வாங்க" என்றாள்.

"நாமளே போட்டு நாமளே பொறுக்கறதா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

ரியோஹெய் யோசித்தான். "எங்க வீட்டுல பாட்டில் நிறைய இருக்கு அக்கா."

காலையில் பைகளைத் திறந்து பார்த்தாள். ஊர் வழக்கப்படி எல்லா பாட்டிலும் மூடி கழற்றி, மேலே ஒட்டியிருந்த தாளை உரித்து, கழுவிக் காயவைத்தவை. பால் பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கி நூலால் கட்டியிருந்தார்கள். தகர டப்பாக்களில் முகம் பார்க்கலாம்.

"ஏன்டா, இது குப்பையா, சீதனமா?"

"கழுவாம வச்சா எங்கம்மா என்னையும் சேர்த்து வெளிய வச்சிடுவாங்க."

"சரி, வீசுங்க."

யாருக்கும் கை வரவில்லை. ரியோஹெய் ஒரு பாட்டிலைப் புல்லில் வைத்தான். இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். திரும்பப் போய் நேராக்கினான். முதலாமாண்டுப் பெண்கள் இருவரும் டப்பாக்களை டப்பாக்களோடு சேர்த்து அடுக்கினார்கள்.

"வீசுங்கன்னா வீசணும்! இப்படி!" கொதோனே கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டிலை எறிந்தாள். பிறகு ஆற்றைப் பார்த்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

ஒரு பையை மட்டும் அவசரத்துக்கு என்று புதருக்குள் ஒளித்துவிட்டு, பள்ளிக்குப் போய் இடுக்கிகளும் பதாகையும் எடுத்துவந்தார்கள்.

திரும்பி வந்தபோது கரை பளிச்சென்று இருந்தது. மஞ்சள் சட்டை போட்ட பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். தெருச் சங்கத் தலைவர் குவபாரா முன்னால் வந்தார்.

"வா வா. நீங்க சுத்தம் பண்ண வர்ற நேரத்துல இடம் அசிங்கமா இருந்தா எங்களுக்கு என்ன மரியாதை? அதான் நாங்களே முடிச்சுட்டோம்."

"எல்லாத்தையுமா ஐயா?"

"ஒரு தூசி விடல."

கொதோனே ரியோஹெய்யைப் பார்த்துப் புதர்ப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அவன் நழுவினான். பையை எடுத்து ஒரு டப்பாவை வெளியே விட்டதுதான் தாமதம், மேலே ஒரு மஞ்சள் சட்டை குனிந்து பார்த்தது.

"தம்பி! என்ன பண்றே?"

"பொறுக்கறான் ஐயா!" என்று கொதோனே தூரத்திலிருந்தே கத்தினாள்.

குவபாராவின் கண் கலங்கிவிட்டது. "பாருங்கய்யா! நம்ம கண்ணுக்குத் தப்பினது இந்தப் புள்ள கண்ணுக்குத் தப்பல!" எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் பையை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

அந்த நேரத்தில் ஒரு குட்டிக் கார் கடகடவென்று வந்து நின்றது. ஹிராயாமா அம்மா இறங்கினார். கரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"எதைச் சுத்தம் பண்ணப் போறீங்க?"

கொதோனே வாயைத் திறப்பதற்குள் குவபாரா ஒரு பாட்டிலை நீட்டினார்.

"அம்மா, காலையில எவனோ இங்க குப்பை போட்டிருக்கான். பாருங்க, மூடியைக் கழட்டி, தாளை உரிச்சு, கழுவிப் போட்டிருக்கான். இத்தனை வருஷத்துல இப்படி ஒரு அயோக்கியனை நான் பார்த்ததில்ல. அந்த நூடுல்ஸ் கடைக்குப் புதுசா வந்த பையன் மேலதான் சந்தேகம். போலீஸ்ல சொல்லிடலாம்னு இருக்கேன்."

நூடுல்ஸ் கடைப் பையன் சாலைக்கு அந்தப் பக்கம் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தான்.

கொதோனே அந்தப் பையனைப் பார்த்தாள். முரசு நினைவுக்கு வந்தது. வாலிபால் குழுவின் மரியாதை நினைவுக்கு வந்தது. ஹிராயாமா அம்மாவின் அருகில் போய்த் தலையைக் குனிந்தாள்.

"அவன் இல்லீங்க. நாங்கதான் போட்டோம். பொறுக்க ஒண்ணுமே கிடைக்கல. தலைவி நான்தான், தப்பும் என்னோடதுதான். மன்றத்தை மூடிடுங்க. அவனை விட்டுடச் சொல்லுங்க."

ரியோஹெய்யும் வந்து பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். குவபாரா பாட்டிலையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஹிராயாமா அம்மா பாட்டிலை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"கழுவியா போட்டீங்க?"

"ஆமாங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "குவபாரா ஐயா, உங்க ஆளுங்களைக் கொஞ்சம் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர்கள் போய் மறையும்வரை காத்திருந்தார். பிறகு காருக்குப் பின்னால் போய்க் கதவைத் தூக்கினார்.

உள்ளே நசுங்கிய டப்பாக்கள், மூடியோடும் சேற்றோடும் பாட்டில்கள், ஒற்றைச் செருப்பு, கம்பி பிதுங்கிய குடை.

"ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துட்டுப் போய்ப் போடுங்க, அப்புறம் பொறுக்குங்க" என்றார் ஹிராயாமா அம்மா. "ஆனா யாரும் கழுவிடாதீங்க. மதியம் அடுத்த ஸ்கூலுக்கு வேணும்."