சிவப்புப் பெட்டியும் பூதக்கண்ணாடியும்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், திருப்பிப் போட்டு எங்கே செய்தது என்று பார்க்கக்கூடிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் கோலசிலாங்கூரில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். அதனால் ஊருக்கே அவர் பூதக்கண்ணாடி.

மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், கொடுத்த லட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "முந்திரி இல்ல, கச்சாங் லா இது, வெறும் வேர்க்கடலை!" என்று சபையில் அறிவித்தார். பெண் வீட்டார் மகனைக் கண்ணாடி இல்லாமலே பார்த்து, வேண்டாம் என்றுவிட்டார்கள்.

எங்கள் ஊர் மின்மினிகளைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்து படகேறுகிறார்கள். இவரும் ஒருமுறை ஏறினார். "எல்லாம் ஒண்ணா மின்னுதுன்னா கட்டாயம் வயர் இருக்கு" என்றார். மறுநாள் பகலில் போய் ஆற்றோர மரத்தில் ஏறி வயர் தேடினார். வயர் கிடைக்கவில்லை, செவ்வெறும்புகள் கிடைத்தன. "காவலுக்கு விட்டிருக்கானுங்க" என்றார், உடம்பெல்லாம் வீங்கி.

இதற்கெல்லாம் நாங்கள் சிரித்தோம். அம்மா மேல் சந்தேகம் திரும்பிய நாளில் சிரிக்க முடியவில்லை.

நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த காலத்தில் பக்கத்தில் ஒரு சீனர் மளிகைக் கடை இருந்தது. அதை மூடிவிட்டு ஊர் மாறும்போது, லோரியில் நசுங்கிவிடும் என்று பயந்து, கடைக்காரரின் மனைவி தன் சீதனப் பெட்டியை அம்மாவிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தார். சிவப்பு அரக்குப் பூச்சில் மலையும் படகும் செதுக்கிய பழைய பெட்டி. வாங்க வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார். அம்மா அதைச் சாமி மேடையில் வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

போன வருடம் அவருடைய மகள் மெய் லிங் எங்களைத் தேடி வந்தாள். லயத்தில் எங்களோடு விளையாடியவள், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள். தன் மகளின் கல்யாண நகையை அந்தப் பெட்டியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றாள். அம்மா சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தாள். மூடி ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சரிசெய்ய முடியுமா என்று கேட்க மூவரும் பூதக்கண்ணாடியிடம் போனோம். அங்கேதான் வம்பு தொடங்கியது.

அவர் பெட்டியை முகர்ந்தார். விரலால் தேய்த்தார். விரல் சிவந்தது.

"சாயம் ஒட்டுது."

"அது குங்குமம்யா. நான்தான் வைக்கிறேன்" என்றாள் அம்மா.

"மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் சாமியதான் இழுப்பாங்க. செதுக்கல்ல ஆழமே இல்ல பாரு. அச்சுல ஊத்துன டூப்ளிகேட். அசல யாரோ மாத்திட்டாங்க லா."

கடையில் மீன் சந்தைக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் என்றால் அது வானொலி.

மெய் லிங் தரையைப் பார்த்தபடி, "பரவால்ல ஆன்ட்டி" என்றாள்.

"பரவால்லையா? அப்ப நான் எடுத்துட்டேன்னு சொல்றியா?"

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எடுத்து வந்து கழுவிக் காட்டலாமே என்று அம்மாவிடம் கேட்டேன். "நான் கழுவுனா அதுலயும் சந்தேகம் வரும்டி. அங்கயே கெடக்கட்டும்" என்றாள். மறுநாள் மீன் வாங்கப் போகவில்லை. யார் முகத்திலும் விழிக்க மாட்டேன் என்றாள்.

அன்று மத்தியானம் பூதக்கண்ணாடி போன் செய்தார். நாங்கள் கடைக்குப் போனபோது மெய் லிங்கையும் வரவழைத்திருந்தார். ஒரு தட்டில், பெட்டியிலிருந்து துடைத்தெடுத்த குங்குமம் குவிந்து கிடந்தது. பக்கத்தில் ஈரப் பஞ்சு.

"எல்லாரையும் சந்தேகப்பட்டிருக்கேன், என்னைய மட்டும் பட்டதில்ல. நேத்து பட்டுப் பார்த்தேன். தாங்கல" என்றார்.

கண்ணாடியை அம்மாவிடம் நீட்டினார். "பாரு தங்கச்சி. வானத்துக்கு ஒரு கோலம், தண்ணிக்கு ஒரு கோலம், தரைக்கு ஒரு கோலம். சீனங்க பழைய வேலைல இப்படித்தான் மூணும் வேற வேறயா இருக்கும். உன் குங்குமம் எல்லாத்தையும் மூடிருச்சு."

பெயர்ந்த சில்லையும் காட்டினார். ஓரத்தில் மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. "மரத்துப் பால்ல சாயத்தக் கலந்து பூசுவாங்க. ஒண்ணு காஞ்சப்புறம் அடுத்தது. இப்படி பூசிப் பூசித் தடிப்பாக்கி, அப்புறம் செதுக்குவாங்க. அச்சுல இது வராது."

தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய அம்மா நிமிர்ந்தாள். "பால் மரமா? பொறுமையான வேலைதான்."

மெய் லிங் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க ஆன்ட்டி."

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"அதான் ஆன்ட்டி."

பெட்டியில் செதுக்கியிருந்த மேகம் ஒன்றில் மட்டும் குங்குமம் அப்படியே இருந்தது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "அது உங்கம்மா பூசுன பூச்சு. அதையும் எடுத்துட்டா பாதிக் கதை போயிரும்" என்றார்.

அம்மாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு மீன் சந்தைக்கு நடந்தார். வேர்க்க விறுவிறுக்க ஒவ்வொரு மேசையாக நின்று, "பெட்டி அசல். அந்தம்மா சொன்னது உண்மை. நான் சொன்னதுதான் போலி" என்றார். இறால் விற்பவர் ஒருவர், "நிச்சயமா?" என்று கேட்டுவிட்டார். "நிச்சயம் லா!" என்று கத்தினாராம். அந்த வார்த்தையை அவர் வாயில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

இப்போது அவர் பக்கத்து ஊரான புஞ்சாக் ஆலாமில் மகன் வீட்டில் இருக்கிறார். கண்ணில் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அர்ச்சனையில் அம்மா அவரையும் சேர்த்துக்கொள்கிறாள். குருக்கள் பெயர் கேட்பார்.

"பேரு தெரியாது சாமி. பூதக்கண்ணாடின்னே சொல்லுங்க. கண்ணு நல்லா தெரியணும்."