லாட்ஜுக்குப் பூட்டுப் போட்ட கதை

ஒரே ஒரு எழுத்தால் மானம் போனவன் நான். அந்த எழுத்து ‘எஸ்’. என் இனிஷியலும் அதுதான் என்பதால் அதைத் திட்டவும் வழியில்லை. திட்டினால் அப்பாவைத் திட்டியதாகிவிடும்.

குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் என் அத்தானுக்கு, அதாவது கோமதி அக்காவின் கணவருக்கு, பன்னிரண்டு அறைகள் உள்ள லாட்ஜ் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் தென்காசியில் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்த நான் (செய்தது மொத்தம் நான்கு, அதில் மூன்று சொந்தக்காரர்களுக்கு), அத்தானுக்கும் அறை பதிவு செய்யும் சைட் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். யார் வருகிறார்கள், எந்தத் தேதி, எந்த அறை, எல்லாம் அதில்தான். ரிசப்ஷனில் கிடந்த நீள நோட்டை, “இனி இது எதுக்கு அத்தான்?” என்று நானே எடுத்துப் பழைய பேப்பர் கடையில் போட்டேன். அந்த நோட்டு இந்தக் கதையில் பிறகு வரும். அதாவது, வராது. அதுதான் சிக்கல்.

சாரல் தொடங்கிய ஒரு வியாழக்கிழமை. பிரவுசர்காரர்கள் ஏதோ ஒரு அப்டேட்டில் புதிய வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். முகவரி ‘எச்டிடிபி’ என்று தொடங்கி, அதன் வாலில் ‘எஸ்’ இல்லாவிட்டால், அந்த சைட்டின் தலையில் ‘பாதுகாப்பற்றது’ என்று எழுதிவிடுவார்கள். நடுவழியில் யாரும் தகவலை எட்டிப் பார்க்கலாம் என்று எச்சரிக்கை. ஆனால் குற்றாலத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அருவியில் வெள்ளம்.

ரிசப்ஷனில் இருபது வருஷமாக இருக்கும் செங்கோட்டைப் பகவதியக்காவுக்குக் காலையிலிருந்து போன்.

“என்னம்மா, பாதுகாப்பற்றதுன்னு போட்டிருக்கு, அருவியில அடிச்சுக்கிட்டுப் போகுதா?”

“இல்ல சார், தண்ணி அளவாத்தான் விழுது.”

“அப்போ பில்டிங்தான் சரியில்லையா?”

மாலைக்குள் மூன்று குடும்பங்கள் அடுத்த வாரப் பதிவை ரத்து செய்தன. அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, ஊரே நம்ம லாட்ஜை நல்லாச் சொல்லுது. நீ செஞ்ச சைட்டு மட்டும் பாதுகாப்பு இல்லங்கு. இந்த மூணு மாசம் ஓடுனாத்தான் மத்த ஒம்பது மாசம் நான் உக்காந்திருக்க முடியும், பாத்துக்கோ.”

“ஒண்ணுமில்ல அத்தான். ஒரே ஒரு எழுத்து சேக்கணும். சேத்தா பக்கத்துல பூட்டுப் படம் வந்துரும், எல்லாருக்கும் நம்பிக்கையும் வந்துரும். சனிக்கிழம காலைல பூட்டைப் போட்டுருதேன்.”

“சனிக்கிழம ரூம் எல்லாம் ஃபுல்லு. திங்கக்கிழம வச்சுக்கிடலாம்லா?”

“அத்தான்... ஒரு எழுத்து!”

(அப்படிச் சொன்ன அந்த ஆளை இன்று நேரில் பார்த்தால் காதைத் திருகுவேன்.)

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் குளித்துத் திருநீறு பூசி லேப்டாப் முன் உட்கார்ந்தேன். முதலில் சர்டிபிகேட். இந்த சைட் உண்மையில் இந்த சைட்தான் என்று பிரவுசரிடம் காட்டும் சான்று. இலவசம். இரண்டே நிமிஷத்தில் வந்துவிட்டது. சர்டிபிகேட் என்றாலே நாலு நடை நடக்க வேண்டும் என்று வளர்ந்தவனுக்கு அந்த இரண்டு நிமிஷம் தலைக்கேறிவிட்டது. அடுத்து, பழைய முகவரியில் வருகிறவர்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிட, சைட் குடியிருக்கும் கம்ப்யூட்டரில், அதாவது சர்வரில், ஒரு வரி எழுதினேன். அதோடு எழுந்து இட்லி சாப்பிடப் போயிருக்கலாம்.

நான் பார்த்து எழுதிக்கொண்டிருந்த இணையக் கட்டுரையில் இன்னொரு வரியும் இருந்தது. அது பிரவுசரிடம் வாங்கும் சத்தியம்: ‘இந்த சைட்டுக்கு இனிமேல் பழைய முகவரி வழியாகப் போகவே மாட்டேன்.’ எவ்வளவு காலத்துக்கு என்பதை நாம் குறிப்பிட வேண்டும். ‘முதலில் ஐந்து நிமிஷம் மட்டும் கொடுத்துச் சோதியுங்கள்’ என்று எழுதியவர் கெஞ்சியிருந்தார். ஐந்து நிமிஷச் சத்தியமெல்லாம் ஒரு சத்தியமா? ஒரு வருஷம் என்று கொடுத்தேன்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். லாட்ஜின் முகப்புப் படத்தை மட்டும் திறந்து பார்த்தேன். முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு. புல்லரித்தது. அந்த வேகத்தில், வாடிக்கையாளர், சொந்தக்காரர், ஆட்டோக்காரர் என்று சகலரும் இருக்கும் லாட்ஜின் வாட்ஸ்அப் குழுவில் தட்டினேன்: ‘நம்ம லாட்ஜுக்குப் பூட்டுப் போட்டாச்சு! இனி யாரும் பயப்பட வேண்டாம்.’

எட்டரைக்குப் பகவதியக்காவின் போன் வந்தது.

“தம்பி, சைட்டு தொறக்க மாட்டேங்கு. ‘பலமுறை திருப்பிவிட்டது’ன்னு எழுதிருக்கு. யாரைத் திருப்பிவிட்டுது? வந்தவுக எல்லாம் இங்கனதான் நிக்காவ.”

பின்னால் குழந்தைகள் அழும் சத்தம். அத்தான் போனைப் பிடுங்கினார்.

“மாப்ளே, ராஜபாளையத்துல இருந்து ரெண்டு வேன் வந்திருக்கு. பெரிய ரூம் எங்களுக்குத்தான்னு மூணு குடும்பம் சொல்லுது. யாருக்குன்னு பாக்க முடியல. அந்த நீள நோட்டு எங்க?”

“அஞ்சு நிமிஷம் அத்தான். விடமாட்டேன்” என்றேன்.

வீரமாகப் பின்வாங்கினேன். சர்வரில் அன்று எழுதிய இரண்டு வரிகளையும் அழித்தேன். “இப்போ பாருங்க அக்கா.”

“அதேதான் வருது.”

அப்போதுதான் உறைத்தது. வரியை நான் அழித்துவிட்டேன். சத்தியத்தைப் பிரவுசர் அழிக்கவில்லை. அன்று காலை சைட்டை ஒரு தடவை தட்டிய ஒவ்வொரு போனும், ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் ஒரு வருஷத்துக்குப் புது முகவரிக்குத்தான் போகும். அங்கே போனால் சுற்றல். நான் இனி முன்னால்தான் போயாக வேண்டும். எதில் முட்டுகிறது என்றுதான் தெரியவில்லை.

திடீரென்று பகவதியக்கா, “தம்பி, கோமதி போன்ல தெரியுது!” என்று கத்தினார்.

அக்கா லாட்ஜ் சமையலறையில் இருந்தவள். கூடப் பிறந்தவன் செய்த சைட்டை அன்றுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஒரே ஜீவன். அதனால் அவள் போன் மட்டும் எந்தச் சத்தியத்திலும் மாட்டவில்லை. கரண்டியோடு ரிசப்ஷனுக்கு வந்து பெயர் வாசிக்கத் தொடங்கினாள். “நாலாம் நம்பரு, விருதுநகர்...” அதற்குள் அந்தப் போனே அடித்தது. வீரகேரளம்புதூர்ச் சித்தி.

“கோமதி, லாட்ஜைப் பூட்டிட்டியளாமே? சீல் வச்சுட்டாவளா தாயி?”

“பூட்டெல்லாம் இல்ல சித்தி. என் தம்பி சைட்டுக்குப் பூட்டுப் போட்டானாம்.”

“சைட்டையும் எடுத்துக்கிட்டாவளா? அய்யோ, அந்த மனை நல்ல மனையாச்சே!”

ஒரு பெயர் வாசித்தால் இரண்டு துக்க விசாரிப்பு. வடகரைப் பால்காரர், பூட்டிய லாட்ஜுக்குப் பால் எதற்கு என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வேன் ஜனம் காபிகூட இல்லாமல் நின்றது. கடைசியில் அத்தான் சொன்னார்: “இங்கன வா மாப்ளே. வந்து நீயே இவுகளுக்குப் பதில் சொல்லு.” குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். சனிக்கிழமை, சாரல், நெரிசல். குற்றாலத்துக்குள் ஒரு திருப்பத்தில் நின்ற போலீஸ்காரர், “இங்கன போக முடியாது, அந்தப் பக்கம் போம்” என்று கை காட்டினார். அந்தப் பக்கம் போனேன். அங்கே நின்ற இன்னொருவர், “இங்கனயும் அடைப்புதான், வந்த வழியே போம்” என்றார். வந்த வழியே போனேன். முதலாமவர் மறுபடி அந்தப் பக்கம் என்றார். மூன்றாவது சுற்றில் இரண்டாமவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“என்னவே, பொழுது போகலியா? எத்தன தரம் திருப்பிவிட?”

பலமுறை திருப்பிவிட்டது! நடு ரோட்டில் பிரேக் போட்டேன். ஒரு ஆள் மட்டும் திருப்பிவிட்டால் யாரும் சுற்ற மாட்டார்கள். சுற்ற வைக்க இரண்டு ஆள் வேண்டும். காலையில் சர்வரில் நான் நிறுத்தியது ஒரு ஆளை. அப்படியானால் எதிர்ப்பக்கம் நின்று திருப்பிக்கொண்டிருக்கும் இன்னொருவன் யார்?

ஒரு பஜ்ஜிக் கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன். சாரலுக்குக் கடைக்காரர் எண்ணெய்த் தாள் ஒன்று கொடுத்தார். அதைத் தலையில் பிடித்துக்கொண்டு சைட்டின் புரோகிராமை வரி வரியாகத் தேடினேன். அகப்பட்டான். சைட்டை முதன்முதலாகச் செய்தபோது யாரோ முகவரியில் ‘எஸ்’ சேர்த்துத் தட்டி, திறக்கவில்லை என்று புகார் சொல்லியிருந்தார்கள். அதற்காக, ‘எஸ்’ போட்டு வருகிறவர்களை ‘எஸ்’ இல்லாத முகவரிக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மேலே குறிப்பு வேறு: ‘தற்காலிகம். பிறகு மறக்காமல் எடுத்துவிடவும்.’ கீழே என் பெயர். இனிஷியலோடு.

படம் மட்டும் காலையில் திறந்ததற்கும் காரணம் அதுதான். படங்கள் சர்வரிலிருந்து நேராக வந்துவிடும். இந்தக் காவல்காரனைத் தாண்ட வேண்டியதில்லை.

அந்த வரியை அழித்தேன். காலையில் அழித்த திருப்பும் வரியை மறுபடி எழுதினேன். இந்த முறை படத்தைப் பார்க்கவில்லை. அறை பதிவுப் பக்கத்தையே திறந்து பார்த்தேன், பிறகு பகவதியக்காவை அழைத்தேன்.

“தொறந்துட்டு தம்பி! பூட்டும் தெரியுது!”

பெரிய அறை மூன்று குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அது சிவகாசிக்காரர்களுக்கு, அவர்கள் ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

லாட்ஜ் போய்ச் சேர்ந்தபோது அத்தான் திட்டவில்லை. பால் வாங்கி வா என்று கையில் தூக்குவாளியைக் கொடுத்தார். அன்று முழுக்க ராஜபாளையத்துக்காரர்களுக்குக் காபி ஆற்றியது இந்தச் சாப்ட்வேர் நிபுணர்தான்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த தை மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். “மாப்ள என்ன செய்யுதாவ?” என்று பெண்ணின் அப்பா கேட்டார். அக்கா கண்ணிமைக்காமல், “சைட்டுக்கெல்லாம் பூட்டுப் போடுதான்” என்றாள். அவர் மரியாதையாக, “திண்டுக்கல்ல இருந்து சரக்கு எடுக்காவளோ?” என்றார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்புக்காரிதான் இன்று என் மனைவி.

இப்போது பிரவுசர்காரர்கள்கூட அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் எடுக்கவில்லை. கல்யாணத்தன்று அத்தான் மேடையேறி, ஜிகினாத் தாள் சுற்றிய கனமான பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். பிரித்தால், உள்ளங்கை அகலத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டு, பூட்டிய நிலையில். தாளை உதறிப் பார்த்தேன்; வேறொன்றும் விழவில்லை.

“சாவி எங்க அத்தான்?”

“ஒரு வருஷம் கழிச்சுத் தாரேன் மாப்ளே” என்றார்.

ஐந்து வருஷம் ஆகிறது. இன்னும் தரவில்லை.