கிலோமீட்டர் சாரின் முதுகு

பிப்ரவரி 2. பதிவுக் கட்டணம்: 1,500.
பிப்ரவரி 9. ஓடும் காலணி: 8,999.
பிப்ரவரி 11. அதே காலணி, வேறு நிறம்: 8,999.
மார்ச் 1. இதயத் துடிப்பு காட்டும் கைக்கடிகாரம்: 14,250.
மார்ச் 23. முழங்கால் பட்டை, ஒரு ஜோடி: 640.
ஏப்ரல் 6. முன்னும் பின்னும் அச்சிட்ட பனியன்: 450.
ஏப்ரல் 6 வரை திரண்ட நன்கொடை: 2,300.

கூட்டிப் பார்க்காதீர்கள். அவரும் கூட்டிப் பார்க்கவில்லை.

தருமத்துக்காக ஓடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. சும்மா ஓடுகிறவர் வேறு. அவர் தொப்பைக்குப் பயந்து ஓடுகிறார், நம்மை ஒன்றும் கேட்பதில்லை. தருமத்துக்காக ஓடுகிறவர் நம்மைப் பார்த்ததும் நின்றுவிடுவார். அவரை அடையாளம் காண்பது சுலபம். "எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள். "நேத்து பதினெட்டு" என்பார். நாமெல்லாம் நலமாகவோ நலமில்லாமலோ இருப்போம். அவர் பதினெட்டாக இருப்பார்.

நான் சொல்லவந்தவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவுத் தலைவர். முன்பெல்லாம் அவருக்கு வேறொரு புகழ் இருந்தது. எவ்வளவு பெரிய விபத்தாக இருந்தாலும், விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். கால் உடைந்தவர், எந்தக் கால் என்று குறிக்காததால் மூன்று முறை படியேறி வந்திருக்கிறார். பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் புகழ் மங்கி, அலுவலகம் முழுக்க அவர் கிலோமீட்டர் சார் ஆனார்.

அவர் ஓடுவது நல்ல காரியத்துக்குத்தான், அதில் சந்தேகமே இல்லை. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக விளையாட்டையும் படிப்பையும் விட்டுக்கொடுக்கும் சிறு பிள்ளைகளுக்கு உதவ ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்காக நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிப் பணம் திரட்டப்போகிறார். பதிவுப் படிவத்தில் 'பணம் தவிர வேறு என்ன உதவி செய்வீர்கள்?' என்று கேட்டு ஒன்பது கட்டங்கள் போட்டிருந்தார்கள். காலிக் கட்டத்தை அவர் விடுவாரா? ஒன்பதிலும் டிக் அடித்தார். படித்துப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். மற்றவர்களின் படிவத்தைப் படிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

அமைப்பு கொடுத்த துண்டுப் பிரசுரத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தார். லிஃப்டில் ஏறியவர்களிடம், கேன்டீனில் வரிசையில் நின்றவர்களிடம், கைகழுவும் இடத்தில் கை ஈரமாக இருந்ததால் தப்ப முடியாதவர்களிடம், பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் வாயைத் திறப்பதற்கு முன்பு பல் டாக்டரிடம் என்று எல்லோரிடமும் குரலைத் தாழ்த்தி அதன் கடைசி வரியைச் சொல்வார்: "இப்படி ஒரு பிள்ளை உங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்."

மேனேஜர் மட்டும் ஒரு நாள் குறுக்கே கேட்டுவிட்டார். "சரி, நீங்க அப்படி ஒரு பிள்ளையையாவது பார்த்திருக்கீங்களா?"

கிலோமீட்டர் சார் துண்டுப் பிரசுரத்தைப் புரட்டிப் பார்த்தார், அதில் இதற்குப் பதில் அச்சிடவில்லை. அன்று மாலையே தெருவில் இறங்கித் தேடினார். ஒரு பிள்ளை கிடைத்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், நன்கொடையும் ஏறும். தையல்காரர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருந்து அவரை ஏமாற்றினார்கள். மாடி வீட்டில் ஒரு பையன் கையில் டீயோடு போவதைப் பார்த்ததும் அவர் இதயத் துடிப்பு நூற்றுப் பத்துக்குப் போனதைக் கடிகாரமே காட்டியது.

"யாருக்குப்பா டீ? அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க அங்கிள். சீரியல் பாக்கறாங்க."

சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கட்டிலில் அவருடைய அப்பா. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாக்கு மட்டும் கொஞ்சம் குழறலோடு பழைய கூர்மையில் இருந்தது. பகலில் வந்துபோகும் நர்ஸம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மனைவிக்கு மருந்துக் கடையில் ஞாயிறும் வேலை. பிப்ரவரி வரை ஞாயிறு காலைகளில் அப்பாவுக்குக் கஞ்சி புகட்டித் துடைத்துப் புரட்டிப் படுக்க வைத்தது கிலோமீட்டர் சார்தான். பிறகு நீண்ட ஓட்டப் பயிற்சி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டதால், "மே வரைக்கும்தானே, தற்காலிக ஏற்பாடு" என்று அந்தப் பொறுப்பு பதின்மூன்று வயது மகளிடம் போயிருந்தது. அவள் பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். பயிற்சி ஞாயிறு காலையில். அவளுடைய கையுறைகள் பத்து வாரமாகத் தாத்தாவின் கட்டில் கம்பியில் தொங்கின.

இப்போதும் அவள்தான் தாத்தாவின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, உன் வகுப்புல யாராவது வீட்ல நோயாளியப் பாத்துக்கறாங்களா?"

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒருத்தி இருக்காப்பா."

"அப்படியா! ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை அவளுக்கு நேரம் இருக்காதுப்பா."

"பாவம்! ஞாயித்துக்கிழமைகூடவா?" என்று உண்மையாகவே உருகினார்.

அப்பா கட்டிலிலிருந்து சிரித்தார். அது இருமலில் முடிந்தது. "டேய், ஓடறது நீ. மூச்சு வாங்கறது அவ."

"இப்படித்தான் ஏதாவது சொல்லிட்டே இருப்பாரு" என்றபடி மனைவியிடம் திரும்பினார். "பாத்தியா?"

மனைவி மாத்திரைகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்க கடிகாரத்துல எல்லாம் தெரியுமே, வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னும் தெரியுமா?"

"அதுக்கு ஜிபிஎஸ் சிக்னல் வெளியிலதான் நல்லா கிடைக்கும்" என்றார் அவர், கேள்வியை மதித்து.

மே 4 வந்தது. அன்றுதான் மாவட்ட அணிக்குத் தேர்வு என்று மகள் இரண்டு முறை சொல்லியிருந்தாள். இரண்டு முறையும் அவர் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். பனியனின் முன்பக்கம் அவருடைய எண். பின்பக்கம் அவரே யோசித்து எழுதிய வாசகம்: 'அவர்களும் விளையாடட்டும்.' அதற்குக் கீழே, 'இப்படி ஒரு பிள்ளையைத் தெரியுமா? அழையுங்கள்' என்று அமைப்பின் தொலைபேசி எண்.

பதினோராவது கிலோமீட்டரில் பாதை பள்ளி மைதானத்தை ஒட்டிப் போயிற்று. பயிற்சியாளர் அம்மாள் விசிலும் கையுமாக வேலி ஓரத்தில் நின்றிருந்தார்.

"சார், உங்க பொண்ணு எங்க? இன்னிக்குமா வரல?"

"வீட்ல தாத்தாவப் பாத்துக்கறா மேடம்" என்றார் அவர், நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு. குரலில் பெருமைகூட இருந்தது. "ரொம்பப் பொறுப்பான பொண்ணு."

"கோல்ல நிக்க எனக்கு ஆள் இல்ல சார்."

கடிகாரம் கீச்சிட்டது: வேகம் குறைகிறது. மைதானத்தில் ஆளில்லாத கோல் கம்பங்களை அவர் ஒரு கணம் பார்த்தார். ஏதோ ஒன்று நெஞ்சில் லேசாகத் தட்டியது. கடிகாரத்தைப் பார்த்தார், துடிப்பு சீராகவே இருந்தது. நிம்மதியாக ஓடினார்.

திட்டாதீர்கள். நன்கொடை கொடுத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நீங்களாக இருந்தாலும் ஓடியிருப்பீர்கள்.

அவர் ஓடினார், பயிற்சியாளர் அம்மாள் அவர் முதுகைப் படித்தார். ஓடுகிறவரால் படிக்க முடியாத ஒரே இடம் அதுதான். அம்மாள் இரண்டு முறை படித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

ஐந்து மணி ஐம்பது நிமிடத்தில் ஓடி முடித்து, கிலோமீட்டர் சார் பதக்கத்தோடு வீடு திரும்பினார். சோபாவில் சாய்ந்த அவருடைய முழங்காலுக்கு மகள் ஐஸ் கட்டி கொண்டுவந்து வைத்தாள். இப்போது அவளுக்கு இரண்டு நோயாளிகள்.

"மைதானத்து வழியாத்தானே போனீங்க? கோல்ல யாருப்பா நின்னா?"

"கவனிக்கலம்மா" என்றார். கூடத்துக் கட்டிலிலிருந்து சிரிப்பு வரவில்லை. அதுதான் அவருக்கு என்னமோ போலிருந்தது.

பிறகு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் நன்றி. இரண்டாவது சான்றிதழ், அதைச் சட்டம் போட்டு மாட்டினார். மூன்றாவது கடிதத்தையும் அப்படித்தான் நினைத்து, எல்லோரும் இருக்கும்போது எழுந்து நின்று உரக்கப் படித்தார்:

"பதிவுப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில், ஞாயிறு காலைகளில் ஒரு நோயாளியின் அருகில் இருந்து, அந்த வீட்டுப் பிள்ளையை விளையாட அனுப்பிவைக்கத் தாங்கள் முன்வந்தமைக்கு நன்றி. தங்கள் இருப்பிடத்துக்கு மிக அருகில் இருக்கும் வீடாகப் பார்த்து ஒதுக்கியிருக்கிறோம். முகவரி..."

முகவரியை அவர் உரக்கப் படிக்கவில்லை.

"பக்கத்து வீடாடா?" என்று கேட்டார் அப்பா.

"அதவிடக் கிட்ட மாமா" என்றாள் எட்டிப் பார்த்த மனைவி.

கிலோமீட்டர் சார் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார், உறையைப் பார்த்தார், காலிக் கட்டம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடத் தேடினார். எல்லாம் சரியாக நிரப்பப்பட்டிருந்தது. திருப்பி அனுப்ப வழியில்லை. மகள் கட்டில் கம்பியிலிருந்து கையுறைகளை எடுத்து, தூசியை ஊதிவிட்டு, ஒவ்வொரு விரலாக நுழைத்துப் பார்த்தாள். மாவட்டத் தேர்வு போனது போனதுதான். பள்ளி அணியின் கோலில் மட்டும் பயிற்சியாளர் அம்மாள் இன்னும் யாரையும் நிறுத்தவில்லை.

இப்போதெல்லாம் கேட்டால், "நேத்து ரெண்டு கிண்ணம் கஞ்சி, ஒரு தடவை புரட்டினேன்" என்கிறார். பெருமையோடுதான். இனம் மாறுமா?

நீங்கள் ஓடுகிறவர் அல்ல, தெரியும். ரத்த தான முகாம் நடத்துகிறவராக இருக்கலாம், மரம் நடுகிறவராக இருக்கலாம், இந்த மாதிரிக் கட்டுரைகளைப் படித்துச் சிரித்துவிட்டு நான்கு பேருக்கு அனுப்பி வைக்கிறவராக இருக்கலாம். எல்லாம் நல்ல காரியம். ஆனால் நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், உங்கள் வீட்டில் உங்கள் வேலையைச் செய்துகொண்டிருப்பது யார்? எழுந்து போய்ப் பாருங்கள். போகும்போது முதுகைக் காட்டாமல் போங்கள், நாங்கள் படித்துவிடுவோம்.

கடைசிக் கடிதம் வந்த தேதி: மே 21.